ஈலா ஜெயித்த இரவும் எங்கள் குடும்பக் குழுவும்

குழு: சுங்கை சிப்புட் சொந்தங்கள்

திங்கள், 25 ஆகஸ்ட் 2025

[காலை 5:41] நான்: அமெரிக்க ஓப்பன் டென்னிஸ் முதல் சுற்றில் அலெக்சாண்ட்ரா ஈலா ஜெயித்துவிட்டாள்! 6-3, 2-6, 7-6. எதிரில் ஆடியவர் போட்டியின் முன்னணி வரிசையில் (சீட்) வைக்கப்பட்ட கிளாரா டவுசன். எனக்குத் தூக்கமே வரவில்லை.

[காலை 5:48] மாமா: நான் தோட்டத்தில் காலைப் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) கிளம்பிக்கொண்டிருக்கிறேன். யாரும்மா இந்த ஈலா?

[காலை 5:55] நான்: பிலிப்பீன்ஸ் பிள்ளை மாமா. 20 வயது, இடக்கைக்காரி, ஸ்பெயினில் நடால் அகாடமியில் வளர்ந்தவள். மூன்றாம் செட்டில் 1-5 என்று பின்தங்கிக் கிடந்தாள். நான்கூட முடிந்தது என்றே நினைத்தேன். அங்கிருந்து எழுந்து வந்து டைபிரேக்கில் 13-11! 1968ல் தொழில்முறை ஆட்டக்காரர்களையும் சேர்க்கத் தொடங்கியதிலிருந்து பிலிப்பீன்சிலிருந்து ஒருவர் கிராண்ட் ஸ்லாம் (டென்னிசின் நான்கு பெரிய போட்டிகள்) ஒற்றையர் ஆட்டத்தில் ஜெயிப்பது இதுதான் முதல் முறை.

[காலை 5:57] மாமா: 13-11 ஆ? ஏழில் முடியாதா?

[காலை 6:02] நான்: கடைசி செட்டில் 6-6 ஆனால் டைபிரேக் ஆட்டம் பத்துப் புள்ளி வரை போக வேண்டும் மாமா, அதிலும் இரண்டு புள்ளி முன்னிலை வேண்டும். 2022லிருந்து நான்கு கிராண்ட் ஸ்லாமிலும் இதே விதிதான்.

[காலை 7:20] அண்ணன்: இன்று பாரிசில் பேட்மிண்டன் உலகப் போட்டி ஆரம்பம். நம் மலேசியாவின் பெண்கள் இரட்டையர் பெர்லி–தீனா ஜோடி ஆடப் போகிறது. நீ டென்னிசைப் பிடித்துக்கொண்டிருக்கிறாய்.

[காலை 7:26] நான்: தீனாவின் ஆட்டத்தை நானும் விடமாட்டேன் அண்ணே. ஆனால் மார்ச்சில் மயாமியில் ஈலா ஒஸ்டாபென்கோ, கீஸ், ஸ்வியாடெக் மூவரையும் வரிசையாகச் சாய்த்தபோது நம் வீட்டில் யாரும் பார்க்கவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது. முதல் வாரத்தில்தான் இப்படிப்பட்டவர்களைப் பார்க்க முடியும். இரண்டாம் வாரம் வந்துவிட்டால் பெரிய பெயர்கள் மட்டும்தான் டிவியில்.

[காலை 7:31] நான்: இந்தோனேசியாவின் ஜனிஸ் ஜெனும் இருக்கிறாள். தகுதிச் சுற்று ஆடி உள்ளே வந்தவள். முதல் சுற்றில் வெரோனிக்கா குடெர்மெட்டோவாவை வென்றுவிட்டாள். நம் அக்கம்பக்க நாடுகளிலிருந்து ஒரே போட்டியில் இரண்டு பெண்கள்!

[காலை 10:12] பெரியம்மா: இந்தோனேசியாவில் யாயுக் பசுக்கி என்று ஒருத்தி இருந்தாளே. விம்பிள்டனில் கால் இறுதி வரை போனாள்.

[காலை 10:15] நான்: ஆமாம் பெரியம்மா, 1997! உங்களுக்கு நினைவிருக்கிறதே!

[மாலை 3:10] தம்பி: அக்கா, மெட்வெடெவ் ஆட்டத்தில் என்ன சண்டை? வீடியோ சுற்றிக்கொண்டிருக்கிறது.

[மாலை 3:24] நான்: எதிரில் ஆடிய பொன்சிக்கு மேட்ச் பாயிண்ட், இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் வெற்றி. அவருடைய முதல் சர்வ் தவறியதும் ஒரு புகைப்படக்காரர் மைதானத்துக்குள் வந்துவிட்டார். அம்பயர் மறுபடி முதல் சர்வ் போடச் சொன்னார். மெட்வெடெவ் கோபப்பட்டுக் கூட்டத்தைக் கிளப்பிவிட, ஆறு நிமிடத்துக்கும் மேலாக ஆட்டமே நின்றுபோனது. அப்புறம் பொன்சி அந்த மூன்றாம் செட்டை இழந்து, அடுத்த செட்டை 0-6 என்று கொடுத்து, ஐந்தாவதை 6-4 என்று ஜெயித்தார். அந்த சத்தத்துக்கு நடுவில் மனதைத் திரும்பக் கட்டினாரே, அவரைப் பற்றித்தான் எல்லோரும் பேச வேண்டும்.

செவ்வாய், 26 ஆகஸ்ட்

[மதியம் 1:05] நான்: வீனஸ் வில்லியம்ஸ் முக்கோவாவிடம் தோற்றார். 45 வயதில் ஒரு செட் எடுத்தார். கண் கலங்கிவிட்டது.

[மதியம் 1:09] பெரியம்மா: அந்த முத்துமணி சடைக்காரியா? இன்னும் ஆடுகிறாளா!

வியாழன், 28 ஆகஸ்ட்

[காலை 6:30] நான்: ஈலா 4-6, 3-6, புக்சாவிடம். ஜனிஸ் 2-6, 1-6, ராடுகானுவிடம். இரண்டு பேருக்கும் இரண்டாம் சுற்றோடு முடிந்தது.

[காலை 6:33] மாமா: அடடா. அந்த 1-5 பிள்ளையுமா?

[காலை 6:40] நான்: ஆமாம் மாமா. மனது கனமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் 2022ல் இதே நியூயார்க்கில் ஜூனியர் பட்டம் வாங்கியவள் இப்போது பெரியவர்கள் ஆட்டத்தில் ஒரு சுற்று தாண்டியிருக்கிறாள். ஜனவரியில் ஆஸ்திரேலியா இருக்கிறது. நம் நேரத்துக்குக் காலையிலேயே ஆட்டம் தொடங்கும்.

[காலை 6:44] அண்ணன்: சரி, ஜனவரியில் சொல். நானும் உட்காருகிறேன். இப்போது தீனா ஆட்டத்துக்கு எல்லோரும் எங்கள் வீட்டுக்கு வாருங்கள்.

[காலை 6:45] நான்: வருகிறேன் அண்ணே. பெரியம்மாவையும் காரில் ஏற்றிக்கொண்டு வருகிறேன்.