கார்ஃபீல்ட் கார்ட்: மூன்று புதிர்த் துண்டுகள் எங்கே இருக்கின்றன?

வணக்கம் உறவுகளே. கொக்குவிலில் இருந்து எழுதுகிறேன். சிரிக்க வேண்டாம், முப்பத்தாறு வயதில் கேட்கிற கேள்விதான்.

பள்ளி விடுமுறைக்கு வந்த அக்காவின் மகனுக்காக என் பழைய லப்டொப்பில் கார்ஃபீல்ட் கார்ட் போட்டுக் கொடுத்தேன். 2013இல் வந்த, குட்டிக் கார்களில் ஓடும் பந்தய கேம். கார்ஃபீல்ட் என்றால் 1978இலிருந்து பத்திரிகைச் சித்திரக்கதைகளில் வருகிற அந்தச் சோம்பேறிப் பூனையேதான். அவன் ஊருக்குப் போய்விட்டான், நான் விடவில்லை. 50, 100, 150 சிசி என்ற வேக நிலைகள் மூன்றிலும் நான்கு கோப்பைகளையும் தங்கத்தோடு முடித்தாயிற்று. 150இல் ட்ரிஃப்ட், அதாவது வளைவில் சறுக்கித் திரும்புவது, பழகாமல் வெல்லவே முடியாது, அதற்கே இரண்டு கிழமை போனது.

இப்போது சிக்கல், பாதைகளில் தேடிப் பொறுக்க வேண்டிய புதிர்த் துண்டுகளில். 16 பாதைகள், பாதைக்கு மூன்று, மொத்தம் 48. என்னிடம் 45 இருக்கின்றன. ஸ்பூக்கி மேனர் பாதையில் ஒன்று, பிரமிட் பாதையில் இரண்டு அகப்படவில்லை. ஒன்று கண்ணுக்குத் தெரிகிறது, ஆனால் உயரத்தில். ஓடும்போது கிடைக்கிற பொருட்களில் ஸ்பிரிங் வந்தால் துள்ளிப் பிடிக்கலாம் என்று நினைக்கிறேன். எனக்கோ தலையணைதான் வந்து விழுகிறது! ஸ்பிரிங் வந்த ஒரே தடவை, சரியாக அந்த வளைவில் கரண்ட் போய்விட்டது.

முழுதாக முடித்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? ஸ்பிரிங்கைக் கடைசிச் சுற்றுவரை கையில் வைத்திருப்பதா, அல்லது ட்ரிஃப்ட் பூஸ்ட்டோடு பாய்ந்தாலே எட்டுமா? மற்ற இரண்டும் குறுக்குவழிக்குள்ளா இருக்கின்றன? வீடியோ இணைப்பு வேண்டாம், என் டேட்டா தாங்காது. எந்தத் திருப்பம், இடமா வலமா என்று இரண்டு வரி எழுதினால் போதும். மருமகன் அடுத்த விடுமுறைக்கு வருமுன் முடிக்க வேண்டும்.