மறுமொழி: ‘பப்ளிக் ரேடியோ’வைத் தமிழில் எப்படிச் சொல்லலாம்?

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் நான் கேட்ட சொல்லுக்கு நீங்கள் அனுப்பிய பரிந்துரைகளை ஒரு தாளில் எழுதி மேசையில் வைத்துக்கொண்டு நாலு நாளாக யோசித்தேன். பொது வானொலி, பொதுச்சேவை வானொலி, பொதுநல வானொலி, மக்கள் வானொலி, பொதுமக்கள் வானொலி. புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக ஒரு வரி: அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகம் நடத்தும் வானொலி நிலையத்தின் வரலாற்றை ஒரு மலருக்காக எழுதிக்கொண்டிருக்கிறேன். ‘பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமான பப்ளிக் ரேடியோ நிலையம்’ என்ற தொடர் அதில் திரும்பத் திரும்ப வருகிறது. லாப நோக்கமில்லாமல் எல்லாருக்குமாக நடக்கும் வானொலியைத்தான் அங்கே ‘பப்ளிக் ரேடியோ’ என்கிறார்கள். ‘சொந்தம்’, ‘பப்ளிக்’ இரண்டுமே எனக்கு இடறுகின்றன.

கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சொல் அதிலிருந்துதான் வர வேண்டும். இயற்பியல் பேராசிரியர் எர்ல் டெர்ரியும் அவருடைய மாணவர்களும் ஒலிபரப்புக்கு வேண்டிய வெற்றிடக் குழாய்களை ஆய்வகத்தில் தங்கள் கையாலேயே செய்தார்கள். நிலையத்தின் சோதனைக்காலப் பெயர் 9எக்ஸ்எம். 1916-இல் வானிலை அறிக்கையை மோர்ஸ் குறியீட்டில் தட்டி அனுப்பினார்கள். 1921-இல் அதே அறிக்கை மனிதக் குரலில் நாள்தோறும் போனது. 1922 ஜனவரியில் டபிள்யூ.எச்.ஏ. என்ற அழைப்புக்குறி (நிலையத்தை அடையாளம் காட்டும் எழுத்துகள்) கிடைத்தது. காத்திருந்து கேட்டவர்களில் விவசாயிகள் நிறைய. நாளை வானம் எப்படி இருக்கும், சந்தையில் என்ன விலை என்பது அவர்களுக்குப் பிழைப்பு. 1931-இல் கிராமத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்காக வானலைப் பள்ளி ஒன்றும் தொடங்கினார்கள்.

இத்தனை காலமும் அதற்குப் பெயர் ‘கல்வி வானொலி’தான். 1967-இல் அமெரிக்க அரசு இந்த நிலையங்களுக்கு நிதி தர ஒரு சட்டம் கொண்டுவந்தபோதுதான் ‘பப்ளிக்’ என்ற அடைமொழி நிலைத்தது. அந்த மசோதாவே முதலில் தொலைக்காட்சிக்கு மட்டுமாக இருந்தது, வானொலியை அப்புறம் சேர்த்தார்கள். ஆக, வேலை முதலில் வந்தது, பெயர் நாற்பது ஆண்டுக்கு மேல் கழித்து வந்தது. நாம் தேடும் சொல்லும் அந்த வேலையைக் காட்ட வேண்டும் என்று நினைக்கிறேன்.

முதலில் ‘சொந்தம்’. கட்டடம், கோபுரம், ஒலிபரப்பி எல்லாம் பல்கலைக்கழகத்தின் உடைமைதான், சரி. ஆனால் அலை? 1934-ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டமே, உரிமம் பெற்றவர் அலைவரிசையைப் பயன்படுத்தலாம், அதற்கு உடைமையாளர் ஆக முடியாது என்கிறது. நம் உச்ச நீதிமன்றமும் 1995-இல் வானலைகள் பொதுச்சொத்து என்று தீர்ப்பளித்தது.

இதைச் சட்டப் புத்தகத்தைவிட எனக்கு நன்றாகப் புரியவைத்தது தில்லிப் பேருந்து. வடக்கு வளாகத்தில் வேலை இருந்த நாட்களில் கைபேசியில் காதொலிப்பானைச் செருகி (அந்த ஒயர்தான் ஆன்டெனா) பண்பலையில் 90.4-ஐ வைப்பேன். தில்லிப் பல்கலைக்கழக வானொலி கணீரென்று கேட்கும். காஷ்மீரி கேட் வருவதற்குள் குரலுக்கு மேல் இரைச்சல் ஏறி, அப்புறம் வெறும் இரைச்சல் மட்டும் மிஞ்சும். எண்ணை மாற்றாமலே ஓக்லா வரை போனால் அதே 90.4-இல் ஜாமியா மில்லியா இஸ்லாமியா பல்கலைக்கழகத்தின் வானொலி பேசும். 2006-இல் ஜாமியாவும் 2007-இல் தில்லிப் பல்கலைக்கழகமும் ஒலிபரப்பைத் தொடங்கின. சமுதாய வானொலி (கம்யூனிட்டி ரேடியோ) விதிப்படி வெளியீட்டுத் திறன் 100 வாட் என்பதால் ஒரே நகரத்தில் ஒரே எண்ணை இரண்டு பல்கலைக்கழகங்கள் வைத்துக்கொள்ள முடிகிறது. 90.4 யாருக்குச் சொந்தம் என்று கேட்டால் இருவருக்கும் இல்லை. எனவே ‘பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமான’ என்பதை விட்டுவிட்டு ‘பல்கலைக்கழக உரிமத்தில் இயங்கும்’ என்றே எழுதப்போகிறேன். இதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

இனி ‘பப்ளிக்’. ‘சமுதாய வானொலி’யை இதற்கு எடுத்துக்கொள்ளலாமே என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். 2004 பிப்ரவரியில் சென்னையில் அண்ணா பல்கலைக்கழகம் தன் சமுதாய வானொலியைத் தொடங்கிய நாளிலிருந்து அந்தச் சொல் சிறு வட்டத்துக்கான வானொலிக்கு உரியதாகிவிட்டது. அந்த வட்டத்தைத் தாண்டிப் பரந்து எட்டுகிற நிலையத்துக்கும் அதையே வைத்தால் இரண்டும் குழம்பும்.

‘பொது வானொலி’ சுருக்கமாக இருக்கிறது. ஆனால் பொது மருத்துவம், பொது அறிவு என்னும்போது ‘பொது’ வேறு பொருள் தருகிறது. குறிப்பிட்ட துறை சாராத, எல்லாம் கலந்த வானொலி என்றுதான் முதலில் தோன்றும். ‘பொதுத்துறை’ என்றால் அரசு. ‘பொதுநலம்’ என்றால் நீதிமன்ற வழக்கு நினைவுக்கு வருகிறது. ‘மக்கள்’ கட்சிப் பெயர்களில் தேய்ந்துவிட்டது. ‘பொதுமக்கள்’ எனக்கு அரசு அறிவிப்புப் பலகையின் வாடையோடு வருகிறது.

என் முன்மொழிவு: ‘ஊர்ப்பொது வானொலி’. ஊர்ப்பொதுக் கிணறு என்கிறோமே, அதை வைத்துச் சொல்கிறேன். வெட்டியவர் ஒருவராக இருக்கலாம், தண்ணீர் இறைப்பது ஊர். கோடையில் தூர்வார வீட்டுக்கு ஓர் ஆள் வருவார். அந்த நிலையங்களும் இப்படித்தான் நடக்கின்றன. உரிமம் பல்கலைக்கழகத்திடம் இருக்கிறது, செலவில் ஒரு பங்கைக் கேட்பவர்கள் தாமே மனமுவந்து அனுப்புகிறார்கள். அந்தப் பணத்துக்கு ‘நேயர் கொடை’ என்று சொல் வைத்திருக்கிறேன். வானொலி கேட்பவரை நேயர் என்று அழைத்த மொழி நம்முடையது. நேயம் உள்ளவர் கொடுப்பதைக் கட்டணம் என்றோ சந்தா என்றோ எழுத எனக்கு மனம் வரவில்லை.

உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

ஆர்.கே.புரத்திலிருந்து

*

ஐயா, வணக்கம்.

‘உரிமம்’, ‘நேயர் கொடை’ இரண்டும் மிகப் பொருத்தம். ‘ஊர்ப்பொது’வை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. என் பாட்டி வாழ்ந்த ஊரில் ஊர்ப்பொதுக் கிணறு இருந்தது. எங்கள் தெரு ஆட்கள் அதில் வாளி விட முடியாது. கொஞ்சம் தள்ளி நின்று, யாராவது குடத்தில் ஊற்றும்வரை காத்திருக்க வேண்டும். ஊர் வேறு, சேரி வேறு என்று இருந்த இடத்தில் ‘ஊர்ப்பொது’ என்ற சொல்லுக்குள் நாங்கள் இல்லை. வானொலி அலை எந்தத் தெருவில் நின்றாலும் கிடைக்கும். அதற்கு இந்தப் பெயர் வேண்டாம் ஐயா.

பலகையில் எழுதியிருந்தாலும் ‘பொதுமக்கள்’ என்னும்போது யாரும் வெளியே நிற்பதில்லை.

மயூர் விஹாரிலிருந்து

*

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் மடலைக் காலையில் படித்தேன். நான் கிணற்றைப் பார்த்தேன், தள்ளி நின்றவர்களைப் பார்க்கவில்லை. கலைச்சொல் ஒன்று அகராதிக்குள் போய்விட்டால் பிறகு எடுப்பது கடினம். அதற்குமுன் சொன்னீர்கள், மனமார்ந்த நன்றி. ‘ஊர்ப்பொது வானொலி’யைத் திரும்பப் பெறுகிறேன்.

‘பொதுமக்கள் வானொலி’யை வைத்து நேற்று எழுதிய பக்கங்களைத் திரும்ப எழுதிப் பார்த்தேன். துறை சாராத வானொலி என்ற மயக்கம் வரவில்லை, அரசு வானொலி என்றும் தோன்றவில்லை. பலகை வாடை என்று நான் சொன்னது மூன்றாவது பக்கத்திலேயே போய்விட்டது. கட்டுரையின் முதல் வரி இப்போது இப்படி இருக்கிறது:

‘டபிள்யூ.எச்.ஏ., விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் உரிமத்தில் இயங்கும் பொதுமக்கள் வானொலி. அதன் செலவில் ஒரு பங்கை நேயர் கொடை தாங்குகிறது.’

வேறு யாருக்கும் மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள், திங்களன்று மலர்க்குழுவுக்கு அனுப்ப வேண்டும்.

ஆர்.கே.புரத்திலிருந்து