ஸ்பிரிண்ட் முடிவில் வேலை தேங்குகிறது, ரெட்ரோவில் யாரும் வாய் திறப்பதில்லை: எந்தப் பயிற்சியிலிருந்து தொடங்கலாம்?

கேள்வி (கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்)

அனைவருக்கும் வணக்கம். பால் கூட்டுறவுச் சங்கங்களுக்கான கணக்கு மென்பொருளை எழுதும் 7 பேர் கொண்ட குழுவில் ஐந்து மாதங்களாக, வேலையைக் குறுகிய சுற்றுகளாகப் பிரித்துச் செய்யும் ஸ்க்ரம் முறையை வழிநடத்தும் ஸ்க்ரம் மாஸ்டர் பொறுப்பைப் பார்த்து வருகிறேன். எங்களில் மூவர் இப்பகுதித் தமிழர்கள், மூவர் மலையாளிகள், ஒருவர் கோயம்புத்தூரிலிருந்து வாளையாறு வழியாகத் தினமும் வந்து போகிறார். ஸ்பிரிண்ட் எனும் இரண்டு வாரச் சுற்றுக்கு 11 ஸ்டோரிகளை (சிறு வேலைகளை) எடுத்து, எல்லாவற்றையும் முதல் இரண்டு நாட்களிலேயே தொடங்கிவிடுகிறோம். கடைசி நாளில் 4 மட்டுமே முடிந்திருக்கின்றன. மற்ற ஏழும் வேலைப் பலகையின் டெஸ்டிங் (சோதனை) பத்தியில் நிற்கின்றன. மூன்று ஸ்பிரிண்டுகளாக இதே கதைதான். ஸ்டாண்ட்-அப் எனும் காலைக் குறுங்கூட்டத்தில் ஒவ்வொருவரும் குழுத் தலைவரான லீடின் முகத்தைப் பார்த்து நேற்று செய்ததை ஒப்பிக்கிறார்கள். ஸ்பிரிண்ட் முடிவில் நடந்ததைத் திரும்பிப் பார்க்கும் ரெட்ரோ கூட்டத்தில் எல்லாம் நன்றாகப் போகிறது என்பதற்கு மேல் ஒரு சொல் வருவதில்லை. ஆனால் அதே ஆட்கள் டீக்கடையில் நிற்கும்போது எது எங்கே சிக்கியது என்பதைத் தெளிவாகப் பேசிக்கொள்கிறார்கள். இதை மாற்றக்கூடிய பயிற்சிகளை, செய்து பார்த்தவர்கள் சொல்லித் தந்தால் பேருதவியாக இருக்கும்.

பதில் (பாறசாலை, திருவனந்தபுரம் மாவட்டம்)

வணக்கம் நண்பரே. முதலில் கணக்கைப் பாருங்கள். எந்நேரமும் 11 வேலைகள் கையில் இருக்க, ஸ்பிரிண்டுக்கு 4 மட்டும் முடிகின்றன என்றால், ஒரு வேலை தொடங்கி முடியச் சராசரியாக ஐந்தரை வாரம் ஆகும். ஜான் லிட்டில் 1961இல் நிறுவிய வரிசை விதி சொல்வது இதுதான். ஆகவே ஆட்களைக் கடிந்துகொள்வதில் பயனில்லை. இதை வாயால் விளக்குவதைவிடக் காசு விளையாட்டில் காட்டுவது எளிது. நால்வரை மேசையைச் சுற்றி அமர்த்தி, முதலாமவரிடம் 20 ஒரு ரூபாய்க் காசுகளைக் கொடுங்கள். அவர் இருபதையும் ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்த பிறகே அடுத்தவரிடம் தள்ள வேண்டும்; மற்றவர்களும் அப்படியே. இரண்டாம் சுற்றில் ஐந்தைந்தாகவும், மூன்றாம் சுற்றில் ஒவ்வொன்றாகவும் தள்ளச் சொல்லுங்கள். ஒரு காசைத் திருப்ப ஒரு விநாடி என்று வைத்துக்கொண்டால், முதல் சுற்று முடிய 80 விநாடியும், இரண்டாவதற்கு 35 விநாடியும், மூன்றாவதற்கு 23 விநாடியும் ஆகும். முதல் சுற்றில் 80ஆவது விநாடி வரை வெறுங்கையுடன் காத்திருந்த, நான்காமவரிடமிருந்து காசைப் பெறும் வாடிக்கையாளருக்கு, மூன்றாம் சுற்றில் நான்காவது விநாடியிலேயே ஒரு காசு வந்துவிடுகிறது.

விளையாட்டு முடிந்த அன்றே டெஸ்டிங் பத்தியின் தலையில் 2 என்று எழுதிவிடுங்கள். அங்கே இரண்டு வேலைகள் நிற்கும்போது, கோட் எழுதி முடித்தவர் புதிய ஸ்டோரியை எடுக்காமல் சோதனைக்குக் கைகொடுக்க வேண்டும். இந்த எல்லையை வைக்காவிட்டால் காசு விளையாட்டால் ஒரு பலனும் இல்லை என்பது என் உறுதியான கருத்து. ஸ்டாண்ட்-அப்பைப் பொறுத்தவரை, நேற்று என்ன, இன்று என்ன, தடை என்ன என்ற மூன்று கேள்விகளை ஸ்க்ரம் முறையின் அடிப்படைக் கையேடான ஸ்க்ரம் கைடே 2020 பதிப்பில் விட்டுவிட்டது. ஆளை விட்டுப் பலகையைப் பாருங்கள். முடியும் தறுவாயில் இருக்கும் வேலையிலிருந்து தொடங்கி, இது முடிய இன்னும் என்ன வேண்டும் என்று மட்டும் கேளுங்கள்.

கேட்டவர்

மிக்க நன்றி அண்ணா. ரெட்ரோவில் நிலவும் மௌனத்துக்கு என்ன செய்யலாம்?

பதில் (நகரி, ஆந்திரம்)

ரெட்ரோவை எந்த மொழியில் நடத்துகிறீர்கள்? தமிழும் தெலுங்கும் பேசுகிறவர்கள் கலந்திருந்த எங்கள் குழுவில் கூட்டம் ஆங்கிலத்தில் நடந்தவரை இருவர் மட்டுமே பேசிக்கொண்டிருந்தார்கள். பிறகு, முதல் பத்து நிமிடம் யாரும் பேசாமல், அவரவர் மொழியில் சீட்டுக்கு ஒரு கருத்தாக எழுதுவது என்று மாற்றினோம். ஒருவர் சீட்டுகளைக் கலைத்து வாசிப்பார். எழுதியது யார் என்று கேட்கக் கூடாது. லீடின் சீட்டும் அந்தக் கட்டில்தான் இருக்கும். வாசித்தவற்றுள் ஒன்றை மட்டும் தேர்ந்து, அதற்குப் பொறுப்பாளரைக் குறித்து, அடுத்த ஸ்பிரிண்டின் பலகையில் ஒரு வேலையாகவே ஏற்றிவிடுங்கள். எழுதியது எதுவும் நடக்கவில்லை என்றால் மூன்றாம் முறை சீட்டுகள் வெற்றுத்தாளாகவே வரும். நாங்கள் அதையும் பட்டு அறிந்தோம்.

ஒரு ஸ்டோரி எவ்வளவு பெரியது என்று எண்ணால் மதிப்பிடுவதிலும் இதே முறை உதவும். ஜேம்ஸ் கிரெனிங் 2002இல் எழுதிய பிளானிங் போக்கரில் எல்லோரும் தங்கள் மதிப்பீட்டு எண் உள்ள சீட்டை ஒரே நேரத்தில் திருப்புகிறார்கள். மிகக் குறைந்த எண்ணையும் மிக உயர்ந்த எண்ணையும் காட்டியவர்கள் தங்கள் காரணத்தைச் சொன்ன பிறகே மறுபடி சீட்டுப் போட வேண்டும். லீட் முதலில் வாயைத் திறக்கக் கூடாது.

கேட்டவர் (இரண்டு ஸ்பிரிண்டுகள் கழித்து)

அக்காவுக்கும் அண்ணாவுக்கும் நன்றி. பால் ரசீது ஸ்டோரிக்கு லீட் 3 என்று காட்ட, இதுவரை ரெட்ரோவில் பேசியே இராத எங்கள் டெஸ்டர் 13 என்று காட்டினார். காரணம் கேட்டபோது, மேசை மேல் இரண்டு ரசீதுகளைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார். இரண்டு அங்குலத் தாளில் மலையாளத்தில் ஒரே வரியில் அடங்கிய தலைப்பு தமிழில் இரண்டு வரியாக மடங்கி, கடைசியில் வர வேண்டிய தொகை அடுத்த ரசீதின் தலையில் அச்சாகியிருந்தது. லீட் அதை எடுத்து வெகுநேரம் பார்த்துவிட்டு, ஸ்டோரியை இரண்டாகப் பிரிக்கச் சொன்னார். டெஸ்டிங் எல்லையை 2 என்று வைத்த பிறகு, 6 ஸ்டோரிகளை எடுத்து 5 முடித்தோம். ஆறாவது, தமிழ் ரசீது. திங்கட்கிழமை பலகையில் அதுதான் முதலில் நிற்கும்.