விமானிகள் சங்கத்தின் ‘கேட்கீப்பர்’: தமிழில் என்ன சொல்லலாம்?

அன்புள்ள குழுவினருக்கு,

வானூர்திச் சொற்பட்டியலில் ‘கேட்கீப்பர்’ (விமானப் பதிவில் வரம்பு தாண்டிய விமானியிடம் பேசி, அவர் பெயரை வெளியிடாமல் காக்கும் சங்க விமானி) என்பதற்கு ‘வாயிற்காவலர்’ என்று போட்டிருக்கிறோம். அந்த ஆளின் வேலைக்கு இது ஒட்டவே ஒட்டாது.

விமானத்தில் கியூஏஆர் என்ற பதிவுக்கருவி வேகம், உயரம், இறங்கு வீதம் எல்லாவற்றையும் நொடிக்கு நொடி பதிகிறது. வரம்பு தாண்டிய இடங்களை மென்பொருள் பொறுக்கித் தருகிறது. சென்னை 25-ஆம் ஓடுபாதைக்கு இறங்கும் ஒரு விமானம், தரைக்கு 1000 அடி மேலே இருக்கும்போது நிமிடத்துக்கு 1000 அடிக்கும் அதிகமாக இறங்கிக்கொண்டிருந்தது என்று வையுங்கள். அது பதிவில் இருக்கும், காரணம் இருக்காது. விமானிகள் பேசிய குரலும் அந்தக் கருவியில் இல்லை. பின்காற்றா, கட்டுப்பாட்டு அறை தாமதமாகக் கீழிறங்கச் சொன்னதா, இரவுப்பணி அசதியா என்பதை ஓட்டியவரைக் கேட்டால்தான் தெரியும். மேலதிகாரி கேட்டால் அவர் அளந்துதான் பேசுவார்.

ஆகவே சங்கம் தேர்ந்தெடுத்து, நிர்வாகமும் ஒப்புக்கொண்ட ஒரு விமானியிடம் மட்டும் பெயர்களைத் திறக்கும் சாவி இருக்கும். அமெரிக்காவில் இது சங்கத்துக்கும் நிறுவனத்துக்கும் இடையிலான எழுத்து ஒப்பந்தம். அவர் கேப்டனையும் துணை விமானியையும் அழைத்துப் பேசி, காரணத்தை மட்டும் ஆய்வுக் குழுவுக்குச் சொல்வார். புறப்படும்போது 27,000 கிலோவுக்கு மேல் எடை அனுமதிக்கப்பட்ட விமானங்களை இயக்கும் நிறுவனங்கள் இப்படித் தரவு ஆய்வு செய்ய வேண்டும், தகவலின் மூலத்தைக் காக்க வேண்டும் என்பது பன்னாட்டு விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோவின் 6-ஆம் இணைப்பில் உள்ள விதி.

மறைப்பதும் இவர்தான், எடுத்துச் சொல்வதும் இவர்தான். தொல்காப்பியக் கற்பியல் தோழி, பாணன் முதலிய பன்னிருவரை ‘வாயில்கள்’ என்கிறது. தலைவனுக்கும் தலைவிக்கும் இடையே பேசுபவர்கள். அதிலிருந்து ‘வாயிலர்’ என்று வைக்கலாமா?

— நங்கநல்லூரிலிருந்து

> ‘வாயிலர்’ என்று வைக்கலாமா?

ஐயா, வேர் அருமை. ஆனால் வாயிலார் என்றால் மயிலாப்பூர்க்காரர்களுக்கு நாயனார்தான் நினைவுக்கு வருவார். அதைவிட முக்கியம், இந்தச் சொல்லை முதலில் கேட்கப்போவது தொலைபேசியில், பயந்திருக்கும் ஒரு விமானி. “சங்கத்தின் வாயிலர் பேசுகிறேன்” என்றால் இது விசாரணையா இல்லையா என்று அவருக்குப் பிடிபடாது. ‘அடையாளக் காப்பாளர்’ என்றால் முதல் வரியிலேயே நம்பிக்கை வரும்.

— பல்லாவரத்திலிருந்து

> ‘அடையாளக் காப்பாளர்’

இதைப் படிப்பவர் அடையாள அட்டை கொடுக்கும் அலுவலர் என்று எடுத்துக்கொள்வார். ‘பெயர்காப்பாளர்’ போதும். பெயரைக் காப்பது என்றால் நம் பேச்சில் மானத்தைக் காப்பதும்தான். இங்கே இரண்டும் பொருந்தும். வேண்டுமென்றே விதியை மீறியவரை இவர் காப்பதில்லை என்பதை விளக்கக் குறிப்பில் எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் சொல் அளவுக்கு மீறி வாக்குக் கொடுத்துவிடும்.

‘வாயில்’ வீணாக வேண்டாம். பெயர் நீக்கி ஆய்வுக் குழுவுக்கு அவர் தரும் விவரத்தை ‘வாயிலுரை’ என்போம்.

ஆனால் அந்த உரையைப் பக்குவப்படுத்தும் வேலையைப் ‘பெயர்நீக்கம்’ என்று போடாதீர்கள். பெயரை எடுத்தாலும் விமான எண்ணும் தேதியும் இருந்தால் பணிப்பட்டியலைப் புரட்டி ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். இரண்டையும் எடுத்து மாதத்தை மட்டும் விட்டாலும், அந்த ரக விமானத்தை ஓட்டுபவர்கள் நாலைந்து பேரே இருக்கும் தளத்தில் அதுவே காட்டிக்கொடுக்கும். அங்கே விமான நிலையத்தின் பெயரையும் எடுக்க வேண்டும். ஆகவே ‘அடையாள நீக்கம்’.

பட்டியலில் ‘வரம்பு மீறல்’ என்றிருப்பதையும் ‘வரம்பு தாண்டல்’ என்று மாற்றக் கேட்டுக்கொள்கிறேன். மீறல் என்று எழுதினாலே குற்றம் ஆகிவிடுகிறது. கருவி குறித்துக் காட்டுவது ஓர் எண்ணைத்தான்.

— திரிசூலத்திலிருந்து