எண் கோட்பாட்டுக்காரரையும் வேதியியல்காரரையும் மேற்கோள் எண்ணிக்கையால் ஒப்பிடலாமா?

பெரம்பூர்_கணக்கு:
வடசென்னையில் வளர்ந்த ஆய்வாளர் ஒருவருக்கு எங்கள் பழைய மாணவர் சங்கம் விருது கொடுக்கப் போகிறது. இறுதியில் நிற்பது இரண்டு பேர். கணிதத்தில், எண் கோட்பாட்டில் இருப்பவருக்குக் கட்டுரைகள் இருபதைத் தாண்டாது, மற்றவர்கள் தங்கள் கட்டுரையில் அவற்றைச் சுட்டும் மேற்கோளும் சில நூறுதான். நானோ வேதியியலில் இருப்பவருக்குக் கட்டுரைகளே நூற்றுக்கு மேல், மேற்கோள் ஆயிரக்கணக்கில். கட்டுரையையும் மேற்கோளையும் சேர்த்து ஒரே எண்ணாகக் காட்டும் "எச்-இண்டெக்ஸைப் பார், முடிந்தது" என்கிறார்கள் குழுவில் பாதிப் பேர். இது அநியாயம் என்கிறேன்.

காசிமேடு_ஆய்வகம்:
அண்ணா, நான் உங்களுக்கு எதிர்க்கட்சி. எங்கள் வீட்டில் முதலில் கல்லூரி போனவன் நான். சிபாரிசு செய்ய ஆள் கிடையாது. ஒரு நேர்காணலில் எந்த ஏரியா, அப்பா என்ன தொழில் என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கட்டுரைப் பட்டியலையும் மேற்கோள் கணக்கையும் எடுத்து வைத்த பிறகுதான் பேச்சு ஆராய்ச்சிக்கு வந்தது. எண்ணை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் வந்து உட்காருவது செல்வாக்குதான்.

பெரம்பூர்_கணக்கு:
தம்பி, எண்ணே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. துறை தாண்டி ஒப்பிடாதே என்கிறேன். எச்-இண்டெக்ஸை 2005இல் முன்வைத்த ஹிர்ஷ் ஓர் இயற்பியலாளர். எச் 20 என்றால், குறைந்தது 20 முறை மேற்கோள் பெற்ற கட்டுரைகள் 20 இருக்கின்றன என்று பொருள். அவருடைய அதே கட்டுரையில் இயற்பியலின் உச்சத்தில் விட்டனுக்கு 110, உயிரியலின் உச்சத்தில் சாலமன் ஸ்னைடருக்கு 191. விட்டன் மட்டமா என்ன?

காரணமும் தெரிந்ததுதான். வேதியியல் கட்டுரையின் கடைசியில் மேற்கோள் பட்டியல் நீளம், ஆசிரியர்களும் நிறைய பேர், அடுத்த கட்டுரை சீக்கிரம் வந்துவிடும். கணிதத்தில் ஒருவரோ இருவரோ சேர்ந்து எழுதுவார்கள், பட்டியல் சின்னது, முப்பது வருடம் முந்தைய கட்டுரையைக்கூட இன்றைக்கு மேற்கோள் காட்டுவார்கள். ஓர் இதழின் கட்டுரைக்குச் சராசரியாக எத்தனை மேற்கோள் என்று காட்டும் வழக்கமான இம்பாக்ட் ஃபேக்டரோ முந்தைய இரண்டு வருடக் கட்டுரைகளை மட்டும் எண்ணுகிறது. ஆசிரியர் எண்ணிக்கையில் இன்னொரு எல்லைக்குப் போனால், இயற்பியலில் ஹிக்ஸ் துகளின் நிறையைச் சொன்ன 2015ஆம் ஆண்டுக் கட்டுரைக்கு ஆசிரியர்கள் 5,154 பேர்!

தண்டையார்பேட்டை_வாசகி:
தமிழ்த்துறைப் பக்கமும் கொஞ்சம் பாருங்கள். எங்கள் வேலை பெரும்பாலும் புத்தகமாகவும் தமிழ் இதழ்க் கட்டுரையாகவும்தான் வருகிறது. மேற்கோள்களை எண்ணும் ஸ்கோபஸ் தரவுத்தளத்தில் தேடினால் அதில் பெரும்பகுதி இருக்காது. இருபது வருடம் சுவடி பார்த்தவருக்கு எச் 1 என்று காட்டும். அப்புறம், மேற்கோள் அதிகம் என்றாலே பெரிய கண்டுபிடிப்பு என்று ஆகிவிடாது. உலகத்திலேயே அதிகம் மேற்கோள் பெற்ற கட்டுரை, புரதத்தின் அளவைக் கணக்கிட லௌரி குழு 1951இல் எழுதிய செய்முறை. பயனுள்ள வேலைதான், ஆனால் அது ஒரு கருவி.

காசிமேடு_ஆய்வகம்:
சரி அக்கா, மேற்கோள் எண்ணிக்கையை அந்தந்தத் துறையின் உலகச் சராசரியால் வகுத்துவிடலாம். 1 வந்தால் உலகச் சராசரி, 2 வந்தால் இரு மடங்கு. ஆனால் எந்தத் துறை? எண்ணூர்க் கழிமுகத்துச் சேற்றில் கன உலோகம் தேடுகிற ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் கட்டுரை சுற்றுச்சூழலா, மீன்வளமா, பொதுச் சுகாதாரமா? துறையை மாற்றினால் மதிப்பெண்ணும் மாறும். எங்கள் ஊருக்கு உண்மையில் உதவுகிறவர்கள் இந்த இடைவெளியில்தான் விழுகிறார்கள்.

பெரம்பூர்_கணக்கு:
நியாயமான கேள்வி. அதனால்தான் ஆளுக்கு ஐந்து கட்டுரையோ புத்தகமோ வாங்கி, அந்தந்தத் துறை நிபுணர்களிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லலாம் என்கிறேன். ஆராய்ச்சியை எப்படி மதிப்பிடுவது என்று 2013இல் வெளியான சான்ஃபிரான்சிஸ்கோ பிரகடனமும் இதழின் எண்ணை வைத்து ஆளை மதிப்பிடாதே, வேலையைப் பார் என்றுதான் சொல்கிறது. நம்ம துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்த ராமானுஜன் 1913இல் இங்கிலாந்துக் கணிதவியலாளர் ஹார்டிக்கு எழுதியபோது என்ன எச்-இண்டெக்ஸ் இருந்தது? ஹார்டி படித்துப் பார்த்தார்.

காசிமேடு_ஆய்வகம்:
அதற்கு முன்னால் பேக்கருக்கும் ஹாப்சனுக்கும் எழுதினார் அண்ணா. இருவரும் கண்டுகொள்ளவில்லை. அவர்களும் நிபுணர்கள்தானே?

தண்டையார்பேட்டை_வாசகி:
அப்படியென்றால் ஒரே ஆளிடம் விடாமல் மூன்று பேரிடம் கொடுக்கலாம். அவர்கள் எழுதும் காரணத்தைச் சங்கம் வெளியிடட்டும்.

காசிமேடு_ஆய்வகம்:
காரணத்தோடு அந்த மூன்று பேரின் பெயரையும் வெளியிட்டால் என் ஓட்டு உங்களுக்கு. பெயரை மறைத்தால் எண்ணுக்குத்தான்.