ஊழியத்துக்கு வெளிநாடு போனவங்க, உங்க முதல் கிறிஸ்மஸ் எப்படி?

பாறசாலை பிரதர்:

நமக்கு ஊர் பாறசாலை. 1956-ல கோடு போட்டப்போ கேரளப் பக்கம் விழுந்த தமிழ்க் குடும்பம். 23 வயசுல சபையிலிருந்து என்னைப் பிலிப்பைன்ஸுக்கு அனுப்பினாங்க. செப்டம்பர்ல போய் இறங்கினா, கடைத்தெருவுல கிறிஸ்மஸ் பாட்டு ஓடுது! மாசப் பேரு ‘பெர்’னு முடிய ஆரம்பிச்சாலே அங்க கிறிஸ்மஸ்தானாம். டிசம்பர் ஒண்ணாம் தேதி ஸ்டார் தொங்கவிட்டாலே ‘என்னலே அவசரம்’னு கேக்குற எங்க பாட்டிகிட்ட போன்ல சொன்னேன். நம்பல. அங்க நட்சத்திர விளக்குக்குப் பேரு பரோல். அதைச் சொன்னதும் ‘ஜெயிலுக்கா போயிருக்க?’ன்னாங்க.

டிசம்பர் 16 முதல் 24 வரை ஒன்பது நாள் விடிகாலைப் பூசை, சிம்பாங் காபின்னு பேரு. ஸ்பெயின்காரன் ஆண்ட காலத்துல, வயலுக்குப் போறவங்க பூசை கண்டுட்டுப் போகட்டும்னு வந்த வழக்கம். நம்ம ஊர்லயும் அநேகமா அன்னைக்குத்தான் மார்கழி பிறக்கும். நாலு மணிக்கே கோயில் மைக் எழுப்பிவிட்டு வளர்ந்தவனுக்கு அலாரம் எதுக்கு? அந்தத் திமிர்லதான் ஏழாம் நாள் தூங்கிட்டேன். ஒன்பதும் விடாம கண்டா நினைச்சது நடக்கும்னு சொல்வாங்க.

முதல் நாள் பூசை முடிஞ்சு வெளிய வந்தா, வாசல்ல ஒரு அம்மா அடுப்பு போட்டிருக்காங்க. ஆவி பறக்குற பானை, அதுல செருகின மூங்கில் குழாய். குழாயைத் தட்டினதும் ஊதா நிறத்துல ஒண்ணு வாழையிலைல வந்து விழுந்துச்சு. மேல தேங்காய்த் துருவல். என்னன்னு கேட்டேன். அவங்க சொன்னது ‘பூத்தோ பும்பொங்’. என் காதுல விழுந்தது புட்டு.

எங்க பாட்டிகிட்ட கயிறு சுத்தின மூங்கில் குழாய் ஒண்ணு இருந்துச்சு. அலுமினியக் குழாய் வந்ததும் அது விறகுப்புரைக்குப் போச்சு. கடல் தாண்டிப் போய் அதை மறுபடி பாக்குறேன்!

ஆனா புட்டுன்னா உதிரணும். இது ஒட்டுற அரிசி, மேல வெண்ணெயும் கரும்புச் சர்க்கரையும். பயறும் பப்படமும் இல்லாம எப்படி இறங்கும்? பையில கிடந்த வாழைப்பழத்தை உரிச்சுக் கையால பிசைஞ்சேன். அந்த அம்மா பக்கத்துக் கடைக்காரம்மாவைக் கூப்பிட்டுக் காட்டிச் சிரிச்சாங்க. மறுநாள் போனா எனக்குன்னு ஒரு பழம் எடுத்து வச்சிருந்தாங்க. மட்டிப்பழம் மாதிரி வராது, இருந்தாலும்.

கொழிஞ்சாம்பாறை சிஸ்டர்:

பிரதருக்குப் புட்டாவது கிடைச்சுது. ஜெர்மனில எனக்கு முதல் வருஷம் 24-ஆம் தேதி சாயங்காலம் மேஜைல உருளைக்கிழங்கு சாலட், சாஸேஜ். அப்பமும் கறியும் பின்னாடி வரும்னு கொஞ்சமா எடுத்துக்கிட்டுக் காத்திருந்தேன். தட்டை எல்லாம் எடுத்துட்டாங்க! வாத்து மறுநாள்தானாம். அதுக்கும் முன்னாடி டிசம்பர் 6 காலைல, கழுவி வாசல்ல வச்ச என் செருப்புக்குள்ள யாரோ வால்நட்டும் சாக்லேட்டும் போட்டிருந்தாங்க. புனித நிக்கோலாஸ் நாள் வழக்கம்னு எனக்கென்ன தெரியும்? தவறிப் போட்டிருப்பாங்கன்னு கதவு கதவாத் தட்டித் திருப்பிக் குடுக்கப் போனேன்.

நகரிக்காரன்:

பிரதர், எட்டு நாள் கண்டீங்களே, நினைச்சது நடந்துச்சா?

பாறசாலை பிரதர்:

நினைச்சது ஊருக்கு மாற்றல். அடுத்த கிறிஸ்மஸும் அங்கதான். அந்தத் தடவை பயறு அவிச்சு டப்பால எடுத்துட்டுப் போனேன். அந்த அம்மா ஒரு வாய் தின்னு பாத்துட்டு, ‘சர்க்கரை போட மறந்துட்டியே பிரதர்’னாங்க.