லேக் ஃபோர்க் போறேன்: பாஸ் மீனுக்கு எந்த மோனோ (நைலான்) தூண்டில் நரம்பு?

பிளேனோவாசி:
வணக்கம் மக்களே. டல்லஸ் பக்கம் பிளேனோவில் இருக்கேன். இதுவரைக்கும் வீட்டுக்குப் பின்னாடி இருக்கிற குளத்துல சன்ஃபிஷ், கையளவு பாஸ்னு பொழுது போச்சு. அடுத்த மாசம் நண்பர்களோட லேக் ஃபோர்க் ஏரிக்குப் போறோம், படகுக்குச் சொல்லியாச்சு. என் பிரச்சினை நரம்பு. ரீலோட சேர்ந்து வந்த நரம்பு ஸ்பிரிங் மாதிரி சுருண்டு சுருண்டு வருது. எறிஞ்சா பாதி தூரம்கூடப் போகல, காத்தடிச்சா மொத்தமும் சிக்கு.

கடைக்குப் போனா ட்ரைலீன் பிராண்டுலயே எக்ஸ்எல், எக்ஸ்டி, பிக் கேம்னு மூணு டப்பா. பக்கத்துல ஸ்ட்ரென், சஃபிக்ஸ். எல்லாம் நைலான்தானே, என்ன வித்தியாசம்? கையில 2500 அளவு ஸ்பின்னிங் ரீல் ஒண்ணு (எறியும்போது ஸ்பூல் சுத்தாது), புது பெய்ட்காஸ்டர் ரீல் ஒண்ணு (ஸ்பூலே சுத்தும்) இருக்கு. பிரெய்ட் (பின்னல் நரம்பு), ஃப்ளூரோகார்பன் மாதிரி வேற நரம்பெல்லாம் இப்போதைக்கு வேண்டாம். மோனோவை முதல்ல ஒழுங்காப் பழகிக்கிறேன்.

மதகடி:
தம்பி, நான் டைலர்ல இருக்கேன், ஃபோர்க் எனக்குக் கூப்பிடு தூரம். டப்பா மேல பெருசா போட்டிருக்கிற பவுண்டை முதல்ல மறந்துடு. பொடி எழுத்துல விட்டம் போட்டிருப்பான், அதைப் படி. சாதாரண நரம்புல பவுண்டுங்கிறது ‘இதுக்குக் கீழே அறாது’ங்கிற வாக்குறுதிதான். 10னு போட்டது அதுக்கு மேலயும் தாங்கும், அதுக்காகத் தடிமனை ஏத்தியிருப்பான். சாதனைப் பதிவுக்காக ஐஜிஎஃப்ஏ (உலக மீன்பிடி சாதனைகளைப் பதியற சங்கம்) கிளாஸ்னு விக்கிற நரம்பு மட்டும் நேர்மாறு, போட்ட எண்ணுக்கு மேல தாங்கவே கூடாது. அதனால ரெண்டு கம்பெனியோட 10 பவுண்டை வச்சுக்கிட்டு எது பலம்னு சண்டை போடறது வீண். ஒரே விட்டத்துல வச்சா பலத்துல பெரிய வித்தியாசம் கிடையாது. மிருதுவுலயும் மேல்தோல்லயும்தான் இருக்கு சங்கதி.

எக்ஸ்எல் மிருது. 8 பவுண்டு 0.25 மிமீ. உன் 2500 ரீலுக்கு அதான். லேசான தூண்டில் இரையைக்கூட நல்லா தூரம் எறியலாம், சுருள் குறைவு. ஆனா கட்டைல உரசினா சீக்கிரம் பிசிறு தட்டும். எக்ஸ்டி அதே பவுண்டுக்குக் கொஞ்சம் தடிமன், தோல் கெட்டி, உரசல் தாங்கும். பதிலுக்கு விறைப்பு, ஸ்பின்னிங் ரீல்ல சுருள் எடுக்கும். ஒண்ணு வேணும்னா இன்னொண்ணை விடணும், நைலான்ல ரெண்டும் சேர்ந்து கிடைக்காது.

ஃபோர்க்ல ஏன் இதெல்லாம் பாக்கணும்னா, 1980ல அணை கட்டி முடிச்சப்போ ஏரிக்குள்ள நிறைய மரத்தை வெட்டாமலே விட்டுட்டாங்க. இன்னைக்கும் தண்ணிக்கு மேலயும் கீழயும் மொட்டை மரம் நிக்குது. பெரிய பாஸ் தூண்டில் முள் பட்டதும் நேரா அதுக்குள்ளதான் ஓடும். அதனால பெய்ட்காஸ்டருக்குப் பிக் கேம் 15 பவுண்டு போடு, 0.38 மிமீ. கால் பவுண்டு எடை டப்பால 900 கஜம் வரும், விலையும் கம்மி. விறைப்பான நரம்புதான், ஆனா பெய்ட்காஸ்டர்ல ஸ்பூலே சுத்தி நரம்பைக் குடுக்கிறதால சுருள் அவ்வளவா படுத்தாது. நிறைய இருக்குன்னா யோசிக்காம வெட்டி மாத்துவ, மோனோவோட பெரிய பலமே அதான்.

மீன் பிடிக்கும்போது இதைச் செய். ஒவ்வொரு மீனுக்கு அப்புறமும், கட்டைல மாட்டி எடுத்த ஒவ்வொரு தடவையும், கடைசி மூணடி நரம்பைக் கட்டை விரல் நகத்துக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல இழுத்துப் பாரு. கண்ணுக்குத் தெரியாத பிசிறு நகத்துல தட்டும். சந்தேகம்னா உதட்டுல வச்சு இழு, உதடு பொய் சொல்லாது. தட்டுச்சுன்னா அங்கேயே வெட்டிட்டு மறுபடி கட்டு. பாலோமர் முடிச்சு போதும், இறுக்கறதுக்கு முன்னாடி எச்சில் தொட்டு ஈரமாக்கு. காய்ஞ்ச நைலானை இறுக்கினா உரசல் சூட்டுலயே முடிச்சுக்கிட்ட பலம் போயிடும்.

மீன் அறுத்துட்டுப் போனாலும் நுனியைப் பாக்காம தூக்கிப் போடாதே. நுனி சுருண்டு முறுக்கியிருந்தா முடிச்சு நழுவியிருக்கு. சொரசொரன்னு இருந்தா மரத்துல உரசியிருக்கு. முதல்ல சொன்னதுக்கு முடிச்சைத் திருத்தணும், ரெண்டாவதுக்குத்தான் வேற நரம்பு.

கெளுத்தி_ஹூஸ்டன்:
மதகடி அண்ணே சொல்றது சரிதான், ஆனா இந்தக் காலத்துல பாஸுக்கு மோனோவா? ஒளி விலகல் எண் தண்ணிக்கு 1.33, ஃப்ளூரோவுக்கு 1.42, நைலானுக்கு 1.5க்கு மேல. மீன் கண்ணுக்கு ஃப்ளூரோ பாதி மறைஞ்சிடும். லேசான இழுப்புக்கு நீளறதும் குறைவு, அடியில ரப்பர் புழு இரையை மீன் தொட்டா கைக்குத் தெரியும். ப்ளேனோ நண்பரே, கொஞ்சம் கூடக் குடுத்து ஒரேயடியா அதை வாங்கிடுங்க.

மதகடி:
கெளுத்தி, அடியில புழு ஓட்டறதுக்கு நீ சொல்றது நியாயம். டெக்சாஸ் ரிக்ல (ரப்பர் புழுவை ஈயக் குண்டோட அடியில ஓட்டற கட்டு) தூரத்துல மீன் எடுக்கும்போது மோனோ ரப்பரா நீளும், கம்பை வெட்டி இழுக்கற இழுப்பு முள்ளுக்குப் போய்ச் சேராது. மோனோல செய்யறதா இருந்தா முதல்ல தொய்வைச் சுத்தி எடுத்துட்டு, கம்பைப் பக்கவாட்டுல நீளமா இழுக்கணும்.

ஆனா தம்பி காலைல பாப்பர், ஸாரா ஸ்பூக் மாதிரி தண்ணி மேல மிதக்கிற இரையெல்லாம் எறிய ஆசைப்படுவான்ல? ஃப்ளூரோவோட அடர்த்தி 1.78, நைலான் 1.14. ஃப்ளூரோ மூழ்கி இரையோட மூக்கைக் கீழே இழுக்கும், ஸ்பூக் இடமும் வலமுமா நடக்கவே நடக்காது. மோனோ மெல்லத்தான் இறங்கும். கிராங்க்பெய்ட்லயும் (இழுத்தா ஆடிக்கிட்டே முங்கற இரை) மோனோதான். சின்ன ட்ரெபிள் முள்ளு (மூணு கொக்கி முள்ளு) உதட்டு ஓரத்துலதான் மாட்டியிருக்கும். படகுக்கிட்ட வந்து பாஸ் துள்ளித் தலையை உதறும்போது அவ்வளவா நீளாத நரம்பு முள்ளைப் பிடுங்கிடும். அங்க இந்த நீளற குணம்தான் மீனைக் காப்பாத்திக் குடுக்கும். இந்த ரெண்டு வேலைக்கும் விலை பாக்காமலேகூட நான் மோனோதான் போடுவேன்.

கண்ணுக்குத் தெரியற கதையை ரொம்ப நம்பாதே.  

கயல்_ஆஸ்டின்:
ரெண்டு அண்ணன்மாரும் விட்ட விஷயம்: நைலான் தண்ணியை உறிஞ்சும். நனைஞ்சா மிருதுவாகும், பலமும் கொஞ்சம் இறங்கும். காலைல கட்டின முடிச்சை மதியம் ஒரு தடவை மாத்திக் கட்டறது நல்லது. வெயிலும் ஆகாது, டெக்சாஸ் கோடைல கார் டிக்கில ரீலைப் போட்டு வைக்காதீங்க. போன சீசன் மோனோவை நம்பிப் பெரிய ஏரிக்குப் போகவே கூடாது.

வெட்டின துண்டைத் தண்ணில விடாதீங்க, பறவை காலுல சுத்திக்கும். நிறைய படகுத்துறைல பழைய நரம்பு போட பிவிசி குழாய் வச்சிருக்காங்க, அதுல போட்டா மறுசுழற்சிக்குப் போகும்.

ஃபோர்க்ல 16 அங்குலத்துக்கு மேல, 24 அங்குலத்துக்குக் கீழே உள்ள பாஸை விட்டுடணும். ஒரு நாளைக்கு 5, அதுல 24 அங்குலமோ மேலயோ ஒண்ணுதான். கிளம்பறதுக்கு முன்னாடி டெக்சாஸ் பார்க்ஸ் அண்ட் வைல்ட்லைஃப் தளத்துல விதி மாறியிருக்கான்னு பாத்துக்கோங்க. லைசென்ஸும் மறக்காதீங்க.

பிளேனோவாசி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஸ்பின்னிங்குக்கு எக்ஸ்எல் 8, பெய்ட்காஸ்டருக்குப் பிக் கேம் 15 வாங்கிட்டேன். ரெண்டு சந்தேகம். கலர்ல பச்சையா, நிறமில்லாததா? அப்புறம் புது நரம்பை ஸ்பின்னிங் ரீல்ல எப்படிச் சுத்தினா முறுக்காம இருக்கும்?

மதகடி:
கலருக்காக மண்டையை உடைச்சுக்காதே. ஃபோர்க் தண்ணி பல இடத்துல கலங்கல்தான், பச்சை போதும்.

சுத்தறதுக்கு, டப்பாவை லேபிள் மேல தெரியற மாதிரி தரையில படுக்கப் போடு. நரம்பை விரலால லேசா அழுத்திப் பிடிச்சுக்கிட்டு ஒரு பத்துப் பதினஞ்சு சுத்து சுத்திட்டு நிறுத்து. கம்பு நுனியை டப்பாக்கிட்ட கொண்டு போய் நரம்பைத் தொய்ய விடு. முறுக்கிக்கிச்சுன்னா டப்பாவைக் கவுத்துப் போட்டு மறுபடி ஆரம்பி, முறுக்கலைன்னா அப்படியே தொடரு. ஸ்பூல் விளிம்புக்கு 3 மிமீ கீழே வந்ததும் நிறுத்திடு. அதுக்கு மேல ஆசைப்பட்டா முதல் எறியிலயே கொத்தா வெளியே வந்து விழும். சுத்தி முடிச்சதும் ஸ்பூலை மட்டும் கழட்டி வெதுவெதுப்பான தண்ணில கொஞ்ச நேரம் போட்டு வை, கிளம்பற அன்னைக்கு முந்தின ராத்திரி செஞ்சா போதும்.